மங்குஸ்தான் மூளையைக் காக்குமா?

ஜுன் மாதம் பிறந்தால் தென்காசிச் சீமையில் காற்றே மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் புகுந்து வரும். குற்றால மலையில் சாரல் விழும். பேரருவியும் ஐந்தருவியும் இரையத் தொடங்கும். தென்காசி ரெயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையுடன் வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பழக்கடைகள்தான். கறுஞ்சிவப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக மங்குஸ்தான். உடம்பெல்லாம் மயிர் முளைத்தது போல ரம்புட்டான். பத்தடி தூரத்திலேயே மூக்கைத் துளைக்கும் துரியன். வேறு ஊரில் எளிதில் கிடைக்காத பழங்கள் இவை.

மங்குஸ்தான் நம் ஊர் மரம் அல்ல. மலாய் நாட்டிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டார்கள். இந்த மலையின் ஈரம், தூரதேசத்து மரங்களுக்குப் பிறந்த வீடு போல ஆகிவிட்டது.

இந்தப் பழத்துக்கு இப்போது ஒரு புதுப் பெருமை சேர்ந்திருக்கிறது. "மங்குஸ்தான் தோலில் உள்ள சத்து, மூளையின் ரத்தக் குழாய்களைக் காக்கும். பாரிச வாயு வராமல் தடுக்கும்" என்று பேச்சு! தோலைக் காய வைத்து இடித்த பொடி, மாத்திரை, சாறு என்று பல நாடுகளில் விற்கிறார்கள்.

இது மெய்யா? பழத்தை விட்டுவிட்டு, முதலில் மண்டைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

தென்காசி முதல் சென்னை வரை!

மனித மூளையின் எடை ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். உடம்பு எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிட்டு விடுகிறது! நாம் தூங்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை.

அந்தப் பிராணவாயுவைக் கொண்டு போய்க் கொடுப்பது ரத்தம். ரத்தம் ஓடுவதற்குக் குழாய்கள். அவற்றில் மிக மெல்லிய குழாய்களை எல்லாம் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுமார் 600 கிலோ மீட்டர் நீளம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தென்காசியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். ஒரு மண்டைக்குள் அத்தனையும் அடங்கிக் கிடக்கிறது!

இந்த மெல்லிய குழாயின் சுவர் ஒரே ஓர் உயிரணு கனம். பல இடங்களில் அந்தக் கனம், ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சுவரிலுள்ள அணுக்கள் ஒன்றோடு ஒன்று இறுக ஒட்டிக்கொண்டு, எது மூளைக்குள் போகலாம், எது போகக்கூடாது என்று காவல் காக்கின்றன. சர்க்கரைக்கும் பிராணவாயுவுக்கும் வழி உண்டு. கண்ட விஷத்துக்கும் கிருமிக்கும் வழி இல்லை.

இந்தக் காவலைக் கண்டறிந்த கதை சுவையானது. ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற டாக்டர், 1885-ம் ஆண்டில், பிராணிகளின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றினார். ஈரல், குடல், தசை எல்லாம் சாயம் ஏறி நிறம் மாறின. மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது! "மூளைக்குச் சாயத்தைப் பிடித்து வைக்கும் தன்மை இல்லை போலும்" என்று அவர் நினைத்தார்.

அவருடைய சீடர் கோல்ட்மன், 1913-ல் அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார். மூளையைச் சுற்றியுள்ள நீரில் சாயத்தை ஏற்றினார். இப்போது மூளை நிறம் மாறியது. மற்ற உறுப்புகள் மாறவில்லை! ஆகவே, சாயம் மூளையில் பிடிக்காமல் இல்லை. நடுவே ஏதோ ஒரு சுவர் தடுக்கிறது என்பது தெரிந்தது. அந்தச் சுவர் ரத்தக் குழாயின் உள்பக்கத்து அணுக்கள்தான் என்பதை, 1967-ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்துக் கண்ணால் பார்த்தே உறுதி செய்தார்கள்.

இந்த உள்சுவர் அணுக்களுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? வெளியே இருந்து மட்டும் அல்ல. உயிர் கொடுக்கும் பிராணவாயுவே பகையாகிறது!

அடுப்பும் பொறியும்

அரிவாளைக் கழுவித் துடைக்காமல் போட்டால் துருப்பிடிக்கிறது. வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப் போகிறது. எல்லாம் பிராணவாயுவின் வேலைதான்.

நம் உடம்பில் உள்ள ஒவ்வோர் அணுவும் ஒரு சின்ன அடுப்பு. உணவைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்து, அந்தச் சக்தியில் அது உயிர் வாழ்கிறது. அடுப்பு எரிந்தால் பொறி தெறிக்கும் அல்லவா? அணுவுக்குள்ளும் அப்படிப் பொறிகள் தெறிக்கின்றன. அவை முழுமையாக எரியாத பிராணவாயுத் துணுக்குகள்; தறிகெட்ட துணுக்குகள். பக்கத்தில் எது இருந்தாலும் அதைப் பிடித்துக் கடித்துக் கெடுத்துவிடும்.

மூளையின் உள்சுவர் அணுக்களில் இந்த அடுப்புகள், உடம்பின் மற்ற இடத்துக் குழாய்களில் இருப்பதைவிட அதிகம். காவல் வேலைக்குச் சக்தி நிறைய வேண்டும். அதனால் பொறியும் அதிகம்.

அப்படியானால் மனிதன் பிறந்த அன்றே எரிந்து போயிருக்க வேண்டுமே? இல்லை. அணுக்குள்ளேயே தீயணைக்கும் படையும் இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் இருந்த ஜோ மக்கார்ட் என்ற மாணவரும், அவருடைய ஆசிரியர் இர்வின் பிரிடோவிச்சும் 1969-ல் அதை வெளியிட்டார்கள். பொறி பிறந்த கணத்திலேயே பிடித்து அமர்த்தும் ஒரு என்சைம் அது. அதன் கூட்டாளிகள் இன்னும் பல உண்டு. இவற்றையெல்லாம் உடம்பே செய்துகொள்கிறது. கடையில் வாங்க வேண்டியது இல்லை.

பொறி ஒரு பக்கம், தீயணைப்புப் படை ஒரு பக்கம். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் வரை கவலை இல்லை. பொறி மிஞ்சினால்தான் தொல்லை.

முயல் சொன்ன ரகசியம்

என்ன தொல்லை? நியூயார்க்கில் ராபர்ட் பர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் ரத்தக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிப் பரிசோதித்து வந்தார். ஒரு மருந்தை விட்டால் குழாய் தளர வேண்டும். அவரிடம் அது சுருங்கியது. பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. பிறகு ஒரு நாள் தளர்ந்தது! என்ன மாயம்?

குழாயைத் தயார் செய்யும்போது அதன் உள்பக்கம் கையிலோ கருவியிலோ உரசிவிட்டால், உள்சுவர் அணுக்கள் வழிந்து போய்விடுகின்றன. உரசாமல் செய்தால் அவை தங்குகின்றன. அவை இருந்தால் குழாய் தளர்கிறது. இல்லாவிட்டால் சுருங்குகிறது. இதை 1980-ல் அவர் உலகத்துக்குச் சொன்னார். அந்த அணுக்கள் விடும் ஒரு வாயுதான் குழாயைத் தளர்த்துகிறது என்பது பின்னர் தெரிந்தது. நைட்ரிக் ஆக்சைடு என்று அதற்குப் பெயர். மோட்டார் வண்டிப் புகையில் வருவதும் அதே வாயுதான்! 1998-ல் பர்ச்காட்டுக்கும் வேறு இரு அமெரிக்கர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தறிகெட்ட துணுக்குகள் மிஞ்சினால், இந்த நல்ல வாயுவை அவை பிறந்த இடத்திலேயே தின்றுவிடுகின்றன. குழாய் தளர முடியாமல் விறைக்கிறது. உள்சுவர் ஒட்டு விடுகிறது. கண்டதும் கசிந்து மூளைக்குள் போகிறது. சுவரில் கொழுப்புப் படிகிறது. ரத்தம் உறைந்து கட்டியாகிறது. ஒரு நாள் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. நன்றாக இருந்த மனிதர் காலையில் செம்பை எடுக்கக் கை நீட்டுகிறார். கை வரவில்லை!

அதுதான் பாரிச வாயு.

வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால், அவரோடு குடும்பமும் படுத்துவிடுகிறது. பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட வேண்டும். பிள்ளையின் படிப்பு நிற்கும். நகை அடகுக் கடைக்குப் போகும். பெரிய குழாய் அடைபடாமல், மிகச் சின்னக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப் போவதும் உண்டு. அப்போது கை கால் விழாது. ஞாபகம் போகும், நடை தள்ளாடும். "வயசாச்சு" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுவார்கள்.

தீ வைப்பது யார்?

32 நாடுகளில் சுமார் 27 ஆயிரம் பேரை விசாரித்து 2016-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் இந்தியாவும் சேர்ந்திருந்தது. பத்துக் காரணங்கள், பாரிச வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குப் பொறுப்பு என்று கண்டார்கள். முதல் குற்றவாளி ரத்தக் கொதிப்பு. ஏறத்தாழ பாதிக்கு அதுவே காரணம்! புகை, சர்க்கரை வியாதி, சோம்பல், மோசமான சாப்பாடு, குடி எல்லாம் பட்டியலில் உண்டு.

கொதிப்பு ஏறினால் ரத்தம் குழாய்ச் சுவரை ஓயாமல் அடிக்கிறது. அடி வாங்கிய சுவரில் பொறி பெருகுகிறது. சர்க்கரை மிஞ்சினால், விறகை அதிகமாகத் திணித்த அடுப்புப் போல அணு பொறி கக்குகிறது. இந்த இரண்டும் சத்தம் இல்லாமல் வேலை செய்பவை. தலைவலியும் இராது, மயக்கமும் இராது.

புகை அப்படி அல்ல. அது வெளியிலிருந்தே தீயைக் கொண்டு வருகிறது. ஒரே ஓர் இழுப்பில் கோடானுகோடித் தறிகெட்ட துணுக்குகள் உள்ளே போகின்றன. நுரையீரலில் ஏறிய நிகோடின், 10, 20 வினாடிக்குள் மூளைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இதில் தென்காசிக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. அருவியைப் போலவே இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போன தொழில், பீடி. ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர்ப் பக்கம் போனால், திண்ணையில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். வடக்கே காடுகளில் பறித்த இலை வருகிறது. அதை நனைத்து, கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனையோ பெண்கள் இந்தத் தட்டை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். கல்யாணம் செய்து கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதுகு வலியும், தூள் ஏறிய மூச்சும் அவர்களுக்குத்தான்.

பீடியைக் குடிக்கிறவர்களிடையே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. "சிகரெட்தான் கெடுதல். பீடி இலையில் சுற்றியது, தூளும் கொஞ்சம்தான்" என்பார்கள். தூள் கொஞ்சம்தான். ஆனால் பீடி அணைந்து அணைந்து போகும். அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அதனால் சிகரெட்டைவிடப் பீடிப் புகையில் நிகோடினும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் அதிகமாகவே உள்ளே போகின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் ஜனங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1988-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிகரெட்டை விட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளிலேயே பாரிச வாயு ஆபத்து நன்றாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுகளில், புகையையே தொடாதவர்கள் அளவுக்கு வந்துவிட்டது! அடிபட்ட உள்சுவர், அடிப்பதை நிறுத்தினால் தேறிக்கொள்கிறது.

மாத்திரை ஏன் தோற்றது?

பொறிதான் பகை என்றால், பொறியை அணைக்கும் சத்தை மாத்திரையாக விழுங்கினால் என்ன? நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளுக்கும் அதே ஆசைதான். வைட்டமின் ஈ, காரட்டில் உள்ள மஞ்சள் சத்து முதலியவை சோதனைக் குழாயில் பொறியை அருமையாக அணைத்தன. மனிதர்களிடம் சோதித்தபோது கதை மாறியது.

பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரம் பேருக்கு இந்த இரண்டையும் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மஞ்சள் சத்து மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு அதிகமாயிற்று! வைட்டமின் ஈ தின்றவர்களில், மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல். 2000-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில், 9 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நாலரை ஆண்டு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, பாரிச வாயுவும் குறையவில்லை.

பாரிச வாயு வந்த பிறகு பொறியை அணைக்கவும் ஒரு மருந்து செய்தார்கள். அடைபட்ட குழாய் திறந்து ரத்தம் திரும்பி ஓடும் நேரத்தில்தான் பொறி வெள்ளமாகக் கிளம்புகிறது. அதைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். 2006-ல் 1,700 பேரிடம் நடந்த சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. எங்கும் மகிழ்ச்சி! மறு ஆண்டே 3,300 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பலனும் இல்லை. மருந்து மூலைக்குப் போயிற்று. இதே வகையில் எடரவோன் என்ற மருந்தை ஜப்பானில் 2001 முதல் டாக்டர்கள் உபயோகிக்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றும் மருந்து. வீட்டில் விழுங்குவது அல்ல.

ஏன் இப்படி? ஒரு காரணம், நாம் விழுங்குவது எல்லாம் தேவையான அணுவுக்குப் போய்ச் சேருவதில்லை. எர்லிக்கின் சாயத்தைத் தடுத்த அதே சுவர்! இன்னொன்று, உடம்பு சிறிதளவு பொறியைத் தானே வேண்டி வைத்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்லவும், ஓர் அணு இன்னோர் அணுவுக்குச் செய்தி சொல்லவும் அது தேவைப்படுகிறது. வீட்டில் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டால் சோறு எங்கிருந்து வரும்?

மங்குஸ்தானும் இந்தக் கதையில்தான் நிற்கிறது. அதன் தோலிலிருந்து மங்குஸ்டின் என்ற மஞ்சள் நிறப் பொருளை 1855-லேயே ஷ்மிட் என்ற ரசாயன ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்தார். கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களை அது பொறியிலிருந்து காக்கிறது. எலிகளிடமும் நல்ல குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் மனிதருக்குப் பாரிச வாயு வராமல் அது தடுத்தது என்று காட்டிய சோதனை இல்லை. கண்ணாடித் தட்டில் ஜெயிப்பது வேறு, மனித உடம்பில் ஜெயிப்பது வேறு.

ஆகவே மங்குஸ்தானைப் பழமாகவே சாப்பிடலாம். வாயில் கரையும் அந்த வெள்ளைச் சுளைக்கு மருந்து என்ற சிபாரிசு எதற்கு? ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோல் பொடியை நம்புவதுதான் விபரீதம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள், ஒரே உட்காரலில் ஒரு கூடையைக் காலி செய்யாமல் இருந்தால் சரி.

அருவிக்கரையில்

காவல் அணுக்களைக் காக்க இன்று கையில் உள்ள நிச்சயமான வழி, தீ வைப்பவனைப் பிடிப்பதுதான். ரத்தக் கொதிப்பை அளந்து பார்க்க அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு கேட்பதில்லை. 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். மேல் எண் 140-க்கோ, கீழ் எண் 90-க்கோ மேலே தொடர்ந்து இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். மாத்திரையை "இப்போ நல்லாத்தான் இருக்கு" என்று நிறுத்துவதுதான் பலர் செய்யும் காரியம். நன்றாக இருப்பது மாத்திரையால்தான்!

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஒரு சின்னக் கரண்டிதான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். நடையும் உண்டு. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடிக் குழாய்ச் சுவரைத் தடவுகிறது. அப்போது உள்சுவர் அணுக்கள் பர்ச்காட் கண்ட அந்த நல்ல வாயுவை அதிகமாகச் சுரக்கின்றன. தீயணைக்கும் என்சைம்களும் பெருகுகின்றன.

அருவிக் குளியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே விழுந்தால் தோலில் உள்ள குழாய்கள் சுருங்கும். ரத்தக் கொதிப்பு சட்டென்று ஏறும். வாலிபருக்கு அதுவே ஆனந்தம். கொதிப்பு அடங்காத பெரியவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முதலில் கால், கை என்று நனைத்துப் பழகிய பிறகு ஓரத்தில் நிற்கலாம். நட்ட நடு அருவியில் தலையை நீட்ட வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒருவருக்கு வந்துவிட்டால்? சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்கும். பேசச் சொல்லுங்கள்; நாக்குக் குழறும். இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்ய வேண்டும். சோடா, காப்பி எதுவும் வாயில் ஊற்றக்கூடாது. விழுங்க முடியாமல் மூச்சுக் குழாயில் போய்விடும். புறா ரத்தம் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாய் அடைபட்டு மூளை பட்டினி கிடக்கும்போது, நிமிடத்துக்கு 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன!

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. 1995-ல் அதன் பலன் நிரூபணமாயிற்று. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே போடுவார்கள். ஆகையால் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். நோயாளியை வண்டியில் ஏற்றும்போது, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.